‘லொக்கர் ரூம்’ என்பதற்குக் கதவில் எழுதக்கூடிய தமிழ்ச் சொல் எது?

உடற்கல்வி_முள்ளியவளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்தின் மேற்கு ஓரத்தில் சிறிய கட்டடம் ஒன்று எழும்பி, கூரை போட்டுப் பூச்சு வேலையும் முடிந்துவிட்டது. ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. ஒவ்வொன்றிலும் சுவரோடு சேர்த்துக் கட்டிய சீமெந்து வாங்கு, பன்னிரண்டு தட்டுகள் கொண்ட இரும்பு அலுமாரி, ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனித் திறப்பு, மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய். பணம் அனுப்பிய எங்களூர்ப் பிள்ளைகளின் கடிதத்தில் இது ‘லொக்கர் ரூம்’ என்று இருக்கிறது. படவரைஞர் தந்த வரைபடத்தில் ‘உடை மாற்றும் அறை’ என்று இருக்கிறது. கழகச் செயலாளரோ ‘வீரர் ஓய்வறை’ என்று எழுதினால் கௌரவமாக இருக்கும் என்கிறார். வெள்ளிக்கிழமை பலகை எழுதுபவர் வருகிறார்.

மைதானத்திலேயே வாழ்க்கையைக் கழித்த எனக்கு இந்த அறைக்கு என்ன பெயர் என்று சொல்லத் தெரியவில்லை. காரணம் எளியது. இப்படி ஓர் அறை எங்களிடம் இருந்ததில்லை. வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினோம், மரத்தின் பின்னால் மாற்றினோம், வீட்டிலிருந்தே காற்சட்டைக்கு மேல் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தோம். இல்லாத இடத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. இப்போது இடம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் சரியான பொருள் என்ன, தமிழில் எதை எழுதுவது என்று அறிந்தவர்கள் கூறவேண்டும். ஒரு தடவை பலகையில் ஏறிய சொல் அந்த ஊர்ப் பிள்ளைகளின் வாயில் முப்பது ஆண்டுகள் இருக்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன்.

மொழிபெயர்ப்பு_வவுனியா எழுதியது:

வணக்கம் சேர். முதலில் ஆங்கிலத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அங்கேயே இது ஒரு சொல் அல்ல. பாடசாலை, நீச்சல் தடாகம், ஊர் மைதானம் போன்ற இடங்களில் பிரித்தானியர் ‘சேஞ்சிங் ரூம்’ என்பார்கள். உடை மாற்றும் அறை என்பது அதற்கு நேரான தமிழ். தொழில்முறைத் துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் அதே அறை ‘ட்ரெஸ்ஸிங் ரூம்’ ஆகிவிடும். அமெரிக்கர் ‘லொக்கர் ரூம்’ என்பார்கள், பூட்டி வைக்கக்கூடிய தட்டுகள் உள்ள அறை என்று பொருள். அதே அமெரிக்காவில் பேஸ்போல் ஆட்டத்துக்கு மட்டும் அது ‘கிளப்ஹவுஸ்’. ஆக, பிரித்தானியச் சொற்கள் அங்கே செய்யும் செயலால் அறையைப் பெயரிடுகின்றன, அமெரிக்கச் சொல் அங்கே இருக்கும் பொருளால் பெயரிடுகிறது, பேஸ்போல் சொல் அங்கே இருக்கும் கூட்டத்தால் பெயரிடுகிறது.

பொருள் இதோடு முடிவதில்லை. போட்டிக்கு முன் பயிற்றுநர் பேசுவதும், இடைவேளையில் திட்டத்தை மாற்றுவதும், தோற்றபின் அழுவதும் அந்த அறையில்தான். ஆகவே ‘ட்ரெஸ்ஸிங் ரூம்’ என்றால் சிலவேளைகளில் அறை அல்ல, அணியின் மனநிலை. ஒரு முகாமையாளர் அந்த அறையை ‘இழந்துவிட்டார்’ என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால், வீரர்கள் அவருடைய பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டார்கள் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ‘அறையை இழந்தார்’ என்று அதை அப்படியே தமிழில் போட்ட செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். ‘வீரர்களின் நம்பிக்கையை இழந்தார்’ என்பதே தமிழ். இன்னொரு கெட்ட பொருளும் உண்டு. ஆண்கள் தங்களுக்குள் பெண்களைப் பற்றிப் பேசும் இழிந்த பேச்சை ‘லொக்கர் ரூம் பேச்சு’ என்பார்கள். 2016 அமெரிக்கத் தேர்தற் காலத்தில் டொனால்ட் ட்ரம்ப் தம்முடைய பழைய ஒலிப்பதிவொன்றுக்கு அந்தப் பெயரைச் சொல்லிச் சமாதானம் கூறியதும் உலகம் முழுவதும் அந்தத் தொடர் பரவியது.

ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஆட்டம் முடிந்தவுடன் செய்தியாளர்கள் அந்த அறைக்குள்ளேயே சென்று செவ்வி எடுப்பது வழக்கம். 1977 இல் மெலிசா லுட்கே என்ற செய்தியாளருக்குப் பெண் என்ற காரணத்தால் அனுமதி மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1978 இல் நீதிபதி கொன்ஸ்டன்ஸ் பேக்கர் மொட்லி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்த அறை வெறும் உடை மாற்றும் இடமாக மட்டும் இருந்திருந்தால் அந்த வழக்கே எழுந்திராது. அது வேலை நடக்கும் இடமுமாக இருந்தது.

புதுக்குடியிருப்பு_ரொறன்ரோ எழுதியது:

கடிதத்தில் ‘லொக்கர் ரூம்’ என்று எழுதியவர்களில் நானும் ஒருவன் சேர். மன்னிக்கவேண்டும், தமிழில் என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. ஆனால் இங்கே கனடாவில் பனி ஹொக்கி ஆடுபவர்கள் ‘ட்ரெஸ்ஸிங் ரூம்’ என்றே சொல்வார்கள். என் மகனின் பயிற்றுநர் ‘அறையில் சந்திப்போம்’ என்று மட்டுமே சொல்வார், எந்த அறை என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

அலுமாரியின் தட்டுகளுக்கு இலக்கம் போடுங்கள், பெயர் போடவேண்டாம் என்பது என்னுடைய ஒரே வேண்டுகோள். பெயர் போட்டால் அந்தத் தட்டு ஒருவருக்கு உரிமையாகிவிடும், அடுத்த ஆண்டு வரும் சின்னவனுக்கு இடம் இராது.

கரப்பந்து_மல்லாவி எழுதியது:

எங்கள் பக்கத்தில் யாரும் ‘லொக்கர் ரூம்’ என்று சொல்லிக் கேட்டதில்லை ஐயா. லொக்கர் என்றால் அம்மாமார் நகை வைக்கும் வங்கிப் பெட்டகம்தான் நினைவுக்கு வரும். நாங்கள் ‘உடுப்பு மாற்றும் இடம்’ என்போம். அதைவிடக் கூடுதலாக ‘பை வைக்கும் இடம்’ என்போம், ஏனென்றால் கரப்பந்தாட்டக்காரருக்கு உடை மாற்றுவதைவிடப் பையும் சப்பாத்தும் களவு போகாமல் இருப்பதுதான் கவலை. துணுக்காயில் ஒரு போட்டிக்குப் போனபோது எங்கள் அணியின் ஆறு சோடிச் சப்பாத்துகளையும் ஒரே உரப் பையில் போட்டு, மாற்று வீரன் ஒருவன் அதன்மேல் குந்தியிருந்தான். அவனைக் களத்துக்குள் எடுக்கவேண்டி வந்தபோது பையையும் இழுத்துக்கொண்டுதான் கோட்டருகே வந்தான்.

‘வீரர் ஓய்வறை’ வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டுச் செய்திகளில் துடுப்பாட்ட அணியின் அறையை ஓய்வறை என்று எழுதுவதை வாசித்திருக்கிறேன். அங்கே அது பழகிவிட்டது. இங்கே ஓய்வறை என்று எழுதினால் ஊர்ப் பெரியவர்கள் வெயிலுக்கு வந்து படுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பலகை அப்படித்தானே அழைக்கிறது.

வலைப்பந்து_பரந்தன் எழுதியது:

மல்லாவித் தம்பி சொன்னதை நான் கண்ணால் கண்டவள். ஊரைச் சொல்ல விரும்பவில்லை. ஒரு மைதானத்தில் புதிதாகக் கட்டிய அறைக்கு ‘வீரர் அறை’ என்று பெயர் எழுதியிருந்தார்கள். வலைப்பந்தாட்ட அணியை அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே விருந்தினருக்கான கதிரைகள் அடுக்கியிருந்தன, மேசையில் சோற்றுப் பொதிகள் இருந்தன, ஏற்பாட்டாளர் நால்வர் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருந்தார்கள். பிள்ளைகள் உடுப்பு மாற்றவேண்டும் என்று சொன்னதற்கு, ‘இது வீரர்களுக்கான அறைதானே ரீச்சர், நாங்கள் இருப்பதால் என்ன, பின்னால் ஒரு மறைப்பு இருக்கிறது’ என்றார்கள். அவர்கள் தீய மனிதர்கள் அல்லர். கதவில் இருந்த சொல் அந்த அறையின் வேலையைச் சொல்லவில்லை, ஆகவே எந்த வேலைக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று நினைத்துவிட்டார்கள். ‘உடுப்பு மாற்றும் அறை’ என்று எழுதியிருந்தால் அந்த நால்வரில் ஒருவரும் உள்ளே அமர்ந்திருக்கமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

‘வீரர்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். எங்கள் மண்ணில் அந்தச் சொல் தனியாக ஒரு கதவில் நின்றால், வாசிக்கும் தாய்மாருக்கு வேறு நினைவுகள் வரும். அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதோடு, வீரர் என்றால் ஆண் என்றே எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘வீராங்கனை’ என்று வேறாக எழுதினால்தான் அது தங்களுக்குரியது என்று நினைக்கிறார்கள்.

2010 இல் நான் மாணவி. மீளக்குடியமர்ந்து, பாடசாலை தறப்பாளுக்குக் கீழே நடந்த காலம். மெய்வல்லுநர் போட்டிக்குப் போன இடத்தில் நான்கு பேர் ஒரு சேலையின் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் பார்த்து நிற்போம், ஐந்தாவது பிள்ளை நடுவில் குந்தியிருந்து மாற்றுவாள். காற்று அடித்தால் சேலையின் நடுப்பகுதி உள்ளே போய் அவளுடைய முதுகில் ஒட்டும். வெயில் பின்னாலிருந்து வந்தால் நிழலுருவம் தெரியும் என்று இடத்தை மாற்றி மாற்றி நிற்போம். அப்படி நின்ற ஒரு முறை 200 மீற்றர் ஓட்டத்துக்கு என் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்துவிட்டார்கள். முனையை விட்டால் உள்ளே இருப்பவளின் மானம் போகும், விடாவிட்டால் என் ஓட்டம் போகும். பக்கத்தில் நின்ற வேறு பாடசாலைப் பிள்ளை ஒருத்தி, அதே ஓட்டத்தில் இல்லாதவள், ஒன்றும் பேசாமல் வந்து என் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டாள். அவளுடைய பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே சேர், பெண்கள் பக்கக் கதவில் அழகான சொல்லைத் தேடுவதற்கு முன் உள்பக்கத் தாழ்ப்பாளைப் பூட்டிப் பாருங்கள். சொல் தெளிவாக இருக்கவேண்டும், எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்தாலும் உடனே விளங்கவேண்டும்.

தமிழாசிரியை_கிளிநொச்சி எழுதியது:

பரந்தன் தங்கையின் பதிவை வாசித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் சொல்ல வந்தது சொல்லழகைப் பற்றியது மட்டும் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

‘அணியறை’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அணி என்றால் குழு. அணிதல் என்றால் உடுத்தல், பூணுதல். ஒரே சொல்லில் ‘அணியினருக்குரிய அறை’ என்ற பொருளும் ‘அணிந்துகொள்ளும் அறை’ என்ற பொருளும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாகப் பிரிந்து கிடப்பதை, வவுனியா ஐயா பொறுமையாகப் பிரித்துக் காட்டினாரே, அதைத் தமிழ் ஒரே சொல்லில் சேர்த்துத் தருகிறது. இது நான் புனைந்த சொல்லும் அல்ல. மலையாளத்தில் ‘அணியறை’ என்பதற்கு நிகரான சொல் அரங்கக் கலைஞர் வேடம் புனையும் அறைக்கு இன்றும் வழங்குகிறது, திரைக்குப் பின்னால் உழைப்பவர்களை அணியறைப் பணியாளர் என்ற பொருளில்தான் அங்கே அழைக்கிறார்கள். முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடியவர்களைக் கேட்டாலும், களரிக்கு வருமுன் ‘உடுப்புக் கட்டுவதற்கு’ ஓரிடம் இருந்ததைச் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முன் உடை அணிந்து இன்னொருவராக மாறும் இடம் நமக்குப் புதிதன்று, விளையாட்டு மைதானத்துக்குத்தான் புதிது.

பழைய கிரேக்கரும் இந்த அறைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் ‘அப்பொடிட்டேரியொன்’ என்றார்கள், களையும் இடம் என்று பொருள். ஏனென்றால் கிரேக்க மெய்வல்லுநர் உடையின்றி, எண்ணெய் பூசிக்கொண்டு ஆடினார்கள். நெமியா என்ற ஊரில் அந்தக் கட்டடத்தை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து அரங்குக்குச் செல்லும் ஏறத்தாழ 36 மீற்றர் நீளமான சுரங்க வழியின் சுவர்களில், தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் கீறிய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தின் குளிப்பகங்களில், இதே பெயருடைய அறையின் சுவரில் வரிசையாக மாடங்கள் உண்டு. உடைகளை அவற்றில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்கள். கதவில்லாத லொக்கர் என்று அவற்றைச் சொல்லலாம். அவர்கள் களைதலால் பெயரிட்டார்கள், நாம் அணிதலால் பெயரிடுவோம்.

இன்னொன்று. ‘லொக்கர்’ என்ற சொல்லை விரட்டவேண்டும் என்று யாரும் முனையவேண்டாம். அந்த அறைக்குள் இருக்கும் வாங்கு, அலுமாரி, பிள்ளைகள் போடும் சப்பாத்து, பரந்தன் தங்கை கண்ட கதிரை, இவை யாவும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். இன்று அவற்றை யாரும் அந்நியமாக நினைப்பதில்லை. அலுமாரித் தட்டை ‘லொக்கர்’ என்று பிள்ளைகள் சொன்னால் சொல்லட்டும். அறையின் பெயர் மட்டும் தமிழாக இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வலைப்பந்து_பரந்தன் எழுதியது:

அக்கா, சொல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இருக்கும் அச்சம் போகவில்லை. ‘அணியறை’ என்று கதவில் இருந்தால், ‘நாங்களும் அணியைச் சேர்ந்தவர்கள்தான்’ என்று சொல்லிக்கொண்டு முகாமையாளரும் கழகத் தலைவரும் உள்ளே வரமாட்டார்களா? ‘வீரர் அறை’யில் நடந்தது அதுதானே?

மொழிபெயர்ப்பு_வவுனியா எழுதியது:

தங்கையின் கேள்வி நியாயமானது. பெரிய மைதானங்களிலும் இதே சிக்கல் இருக்கிறது, அங்கே அதைச் சொல்லால் அன்றி எல்லையால் தீர்க்கிறார்கள். சர்வதேசத் துடுப்பாட்டத்தில் ஆட்டக்காரரும் நடுவர் முதலிய அதிகாரிகளும் இருக்கும் பகுதி முழுவதும் தடுக்கப்பட்ட பகுதி. பெயர் பட்டியலில் இல்லாதவர் உள்ளே போகமுடியாது, ஆட்டக்காரர் கைத்தொலைபேசியைக் கையளித்துவிட்டே உள்ளே போகவேண்டும். அந்த விதி சூதாட்டத் தரகரைத் தடுக்க வந்தது, நம் ஊருக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ‘இந்த வாசலுக்கு உள்ளே யார்’ என்று எழுதி வைப்பது ஊர் மைதானத்திலும் முடியும்.

அந்த அறை ஓர் அணிக்கு எப்படிச் சொந்தமாகிறது என்பதற்கு இரண்டு காட்சிகள் என் நினைவில் உள்ளன. லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தின் அறைகளில், அங்கே சதமடித்தவர்களின் பெயரும் ஓர் இன்னிங்சில் ஐந்து விக்கெட் எடுத்தவர்களின் பெயரும் பலகையில் ஏறும். 1984 இல் இலங்கை அங்கே ஆடிய முதல் டெஸ்டில் சிதத் வெத்தமுனி 190 ஓட்டங்கள் எடுத்தார், அவருடைய பெயர் இன்னும் அங்கே இருக்கிறது. இரண்டாவது, 2018 உலகக் கிண்ணத்தில் ரொஸ்தோவ் நகரில் பெல்ஜியத்திடம் 3–2 என்று கடைசி நிமிடத்தில் தோற்ற ஜப்பானிய அணி, அந்த அறையை ஒரு தூசு இல்லாமல் துடைத்து, ரஷ்ய மொழியில் ‘நன்றி’ என்று எழுதிய சிறு அட்டையை வைத்துவிட்டுப் போனது. உடை மாற்றும் இடம் என்று மட்டும் நினைத்திருந்தால் மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

படவரைஞர்_மாங்குளம் எழுதியது:

வரைபடத்தில் ‘உடை மாற்றும் அறை’ என்று எழுதியவன் நான்தான். அரச வரைபடங்களில் மலசலகூடமும் அதுவும் அருகருகே அப்படித்தான் குறிக்கப்படுவது வழமை. ஆனால் எல்லோருடைய கருத்தையும் வாசித்தபின் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. வெளிக் கதவைத் திறந்தால் வாங்கும் அலுமாரியும் உள்ள அறை. அதன் உள்மூலையில், குழாய்க்குப் பக்கத்தில், ஐந்தடிக்கு நான்கடி அளவில் முழு உயரச் சுவரோடு ஒரு தடுப்பு, அதற்குத் தனிக் கதவு. அறை ஒன்று, மறைவிடம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயரைத் தேடுவதால்தான் இவ்வளவு நேரமாக இழுபடுகிறது.

கரப்பந்து_மல்லாவி எழுதியது:

அப்படியானால் வெளிக் கதவில் ‘அணியறை’, உள்மூலையில் ‘உடுப்பு மாற்றுமிடம்’. ‘உடை’ வேண்டாம், ‘உடுப்பு’ என்றே எழுதுங்கள் ஐயா. எங்கள் வாயில் வருவது அதுதான்.

வலைப்பந்து_பரந்தன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெண்கள் பக்கம் வெளிக் கதவிலேயே ‘பெண் பிள்ளைகளும் பெண் பொறுப்பாசிரியரும் மட்டும்’ என்ற வரி வேண்டும். அது இல்லாமல் அணியறை என்ற சொல்லுக்கு நான் கைதூக்கமாட்டேன்.

உடற்கல்வி_முள்ளியவளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று, வெள்ளிக்கிழமை, பலகை எழுதுபவர் வந்தார். செயலாளருக்கு உங்கள் பதிவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். பரந்தன் பிள்ளை எழுதிய சேலை முனைக் கதையில் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ‘ஓய்வறை’ பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. தாழ்ப்பாளையும் பூட்டிப் பார்த்தோம். பெண்கள் பக்கத் தாழ்ப்பாள் நிலையில் சரியாகப் பொருந்தாமல், தள்ளினால் திறந்தது. தச்சர் அன்று மாலையே வந்து அரை அங்குலம் கீழே இறக்கிப் பூட்டித் தந்தார்.

அலுமாரித் தட்டுகளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கம் மட்டும் எழுதியாயிற்று. உள்மூலைக் கதவில் ‘உடுப்பு மாற்றுமிடம்’, பெண்கள் பக்க வெளிக் கதவில் பரந்தன் பிள்ளை கேட்ட வரி, இரண்டும் எழுதியாயிற்று. பெரிய பலகைதான் கடைசியாக. பலகை எழுதுபவர் முதலில் வெண்கட்டியால் கோடு போட்டு ‘அணி அறை’ என்று இடைவெளி விட்டு எழுதினார். அப்படிப் பிரித்தால் குழுவுக்குரிய அறை என்ற ஒரு பொருள் மட்டும்தான் நிற்கும், சேர்த்தால்தான் மற்றப் பொருளும் வரும் என்று கிளிநொச்சி ரீச்சர் சொன்னதை வைத்து விளக்கினேன். அவர் பலகையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் ‘அ’வை அழித்து, அந்த இடத்தில் ‘ய’ எழுதினார்.